ஏலப் பாக்கி

ஆடி கடைசி ஞாயிறு, அறுப்பின் பண்டிகை.
நெல்லிக்குப்பம் சேகரத்தில் எங்களுடையது சின்னச் சபை,
எண்பது குடும்பம்.
பீடத்தின் இரண்டு பக்கமும் கரும்பு கட்டியிருந்தது.
ஆலைக்குப் போகும் டிராக்டரிலிருந்து உருவியதென்று
எல்லோருக்கும் தெரியும், ஆயருக்கும்.

அன்று பிரசங்கம் சுருக்கம்.
ஏலத்துக்கு முன்னால் யார் நீளப் பேசினாலும்
பந்தலில் கோழி கத்திவிடும்.

ஏலம் போட்டது மனாசே அண்ணன்,
எடைமேடை குமாஸ்தா, குரலுக்கு மைக் வேண்டாம்.
ஒரு பூசணிக்காய் மூவாயிரத்து எழுநூறுக்குப் போனது,
இரண்டு லாரிக்காரர்களின் வீம்பில்.
எப்சிபாய் துண்டில் முடிந்து கொண்டுவந்த ஆறு முட்டை,
எடுத்தவர்கள் திரும்பவும் காணிக்கையாக வைக்க,
நாலு முறை ஏலம் போனது.
நாலாவது முறை ஐந்துதான் இருந்தது.
நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.
பொருளாளர். நீல மை. கோடு போட்ட நோட்டு.

அப்புறம் அந்தப் பலாப்பழம்.
காடாம்புலியூரிலிருந்து பைக்கில் கட்டி வந்தது.
பருவம் முடிந்த பழம், தண்ணீர் ஏறியிருக்கும் என்றார்கள்.
முன்னூறு, முன்னூற்றைம்பது என்று
நொண்டிக்கொண்டிருந்தபோது
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"ஐயாயிரம்."

எலியேசர். ஞானமுத்துவின் மகன்.
திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை.
ஊருக்கு வருவதே அபூர்வம், கோயிலுக்கு வருவதில்லை.
மனாசே அண்ணன் "ஒரு தரம்" என்றார்.
இரண்டாம் தரத்துக்கு முன்
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.
மூன்று வருடத்துக்கு முன்பு, சித்திரை வெயிலில்,
ஞானமுத்துவின் பெட்டி
கல்லறைத் தோட்டத்து வாசலில் இருந்தது.
ஒன்பது வருடச் சந்தா பாக்கி.
கட்டினால்தான் குழி என்றது கமிட்டி.
இவன் தெருத்தெருவாகப் போய் வாங்கி வந்தான்,
ஐம்பதும் நூறும் சில்லறையுமாக.
எண்ணி வாங்கியவள் நான்.
இரண்டு முறை எண்ணினேன்.
ரசீதை அவன் சட்டைப்பையில் வைக்கவில்லை,
மடித்து அப்பாவின் பெட்டிக்குள் போட்டான்.

மூன்றாம் தரமும் முடிந்தது.
அவன் கத்தி கேட்டான், கொஞ்சம் எண்ணெய் கேட்டான்.
கோயில் வாசல் வேப்பமரத்தடியிலேயே
பழத்தைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தான்.
யாரையும் கூப்பிடவில்லை, நீட்டினான்.
லாரிக்காரர்கள் வாங்கினார்கள். ஆயரம்மா வாங்கினார்.
அன்று குழியைப் பற்றிப் பேசிய ஜீவரத்தினம் ஐயா
பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டுத் தின்றார்.
தண்ணீரெல்லாம் இல்லை. தேன்.
எனக்கு நாலு சுளை,
ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்தான்,
சில்லறை எண்ணிக் கொடுப்பதுபோல.

ராத்திரி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.
பணம் கட்டவில்லை.

இப்போது கார்த்திகை.
பெண்ணையாறு கரை தட்டி ஓடுகிறது.
பாக்கிப் பட்டியலை
ஞாயிறு ஆராதனையில் வாசிக்கச் சொல்கிறது கமிட்டி.
இருபத்திரண்டு பெயர்.
பரமண்டல ஜெபத்துக்குப் பிறகுதான் அறிவிப்பு.
கடன் என்ற சொல்லை
நூற்றுச் சொச்சம் பேர் அப்போதுதான்
ஒரே மூச்சில் சொல்லி முடித்திருப்பார்கள்.
நானும்தான்.

நேற்று விளக்கடியில் நோட்டைப் பிரித்தேன்.
பூசணிக்காய் இருக்கிறது. முட்டை நாலு இடத்தில் இருக்கிறது.
அதற்கடுத்த தாள் திரும்பவில்லை.
பலாப்பிசின்.
என் விரலிலிருந்துதான் பட்டிருக்க வேண்டும்.
இரண்டு தாளும் ஒட்டி
ஒரே தாளாகக் கிடக்கின்றன.

மார்ச்சில் தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார்.
தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தால் பிரிந்துவிடும்.
எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது,
கைக்கெட்டும் தட்டில்.
மழை விடட்டும் என்று இருக்கிறேன்.